செங்கல்லான ரவுட்டரும் ஒரு பழைய கடனும்



"சார், ரிட்டயர்டு ஆகிப் பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தபோது பழைய வைஃபை ரவுட்டர் பரணுக்குப் போனது. அதைத் தயாரித்த நிறுவனம் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. ஆனால் பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. அப்போதுதான் ஓபன்டபிள்யூஆர்டி பற்றி அறிந்தேன்.

ரவுட்டர் என்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதை இயக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். 2002 கடைசியில் லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்றொரு ரவுட்டர் வந்தது. அதற்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமம் ஜிபிஎல். அதைப் பயன்படுத்திப் பொருள் விற்பவர் மூல நிரலையும் கொடுக்க வேண்டும். கேட்டார்கள், 2003-இல் நிறுவனம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. இன்று பல நிறுவனங்களின் ரவுட்டர்களுக்கு அதை நாமே தயாரித்துப் போடலாம்.

நான் என்ன செய்தேன்? மாடல் பெயரை மட்டும் பார்த்து ஃபைலை ஏற்றினேன். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த லேபிளில் எத்தனையாவது வெர்ஷன் என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. ஒரே பெயர்தான், ஆனால் உள்ளே இருக்கும் சிப் வேறு. விளக்கு ஒருமுறை மின்னியது, அவ்வளவுதான். இப்படிச் செத்துப்போவதை 'பிரிக்' என்பார்களாம், அதாவது செங்கல். "கேள்வியை நன்றாகப் படித்துவிட்டுப் பதில் எழுது" என்று முப்பது வருடத்துக்கு மேல் சொன்னவன் நான்!

என் பழைய மாணவன் ஒருவன் நெட்வொர்க் துறையில் இருக்கிறான். போன் செய்தேன். சிரிக்கவில்லை. "சார், முதல்ல எமுலேட்டர்ல செஞ்சு பாருங்க. அங்க எத்தனை தடவை கெட்டாலும் யாருக்கும் நஷ்டமில்ல" என்றான்.

க்யூஎமு என்ற இலவச மென்பொருள், நம் லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் காட்டும். அதில் நாம் தயாரித்த ஃபர்ம்வேரை ஓட்டிப் பார்க்கலாம்.

பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டு, 20 ஜிபி இடம் ஒதுக்கினேன். 'கிட்' வழியாக மூல நிரலை இறக்கினேன். ஃபோல்டருக்கு 'என் ரவுட்டர்' என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருந்தேன். பாதையில் இடைவெளி கூடாது என்று முதல் அடியிலேயே நின்றுவிட்டது. மாற்றினேன். ரூட் பயனராக இருந்து செய்தேன், அதுவும் கூடாதாம். சாதாரணப் பயனராக வந்தேன்.

ஃபீட்ஸ் இரண்டையும் (அப்டேட், இன்ஸ்டால்) ஓட்டியபின் 'மேக் மெனுகான்ஃபிக்' கொடுத்தால் ஒரு பட்டியல் விரியும். எந்த வகைக் கருவி, என்னென்ன வேண்டும் என்று அதில் டிக் அடிக்க வேண்டும். எமுலேட்டருக்காக எக்ஸ்86, 64 பிட் தேர்ந்தெடுத்தேன். பிறகு 'மேக்'. முதல்முறை கம்பைலர் உட்பட எல்லாவற்றையும் அதுவே கட்டிக்கொள்வதால் நேரம் பிடிக்கும். மாலை தொடங்கியது, விடியும்வரை ஓடியது. அதன்பின் சிறு மாற்றங்களுக்குச் சில நிமிடங்கள் போதும்.

நடுவில் பிழை வந்தால் கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை. 'மேக்' உடன் 'ஜே1', 'வி=எஸ்' சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். வேலைகள் ஒவ்வொன்றாக நடந்து, உண்மையான காரணம் மேலே எங்கோ தெரியும். கணக்கில் விடை தப்பானால் எந்தப் படியில் தப்பு என்று தேடுவோமே, அதே வேலை.

கிடைத்த ஃபைலை விரித்து க்யூஎமுவில் ஓட்டினேன். வரிகள் ஓடின, என்டரை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். ரவுட்டர் உயிரோடு இருந்தது! ஆனால் இணையம் இல்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். ரவுட்டர் என்றால் வீட்டுப் பக்கம் ஒரு வாசல், வெளிப்பக்கம் ஒரு வாசல் வேண்டும். நான் ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு கொடுத்திருந்தேன். அது வீட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது கொடுத்ததும் இணையம் வந்தது. பிரவுசரில் பக்கம் திறக்கவில்லை. அதற்கான 'லூசி'யை நான் டிக் அடிக்கவே இல்லை. மறுபடி கட்டினேன்.

'ஃபைல்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் வைத்து நம் சொந்த ஃபைல்களையும் உள்ளே சேர்க்கலாம். உள்ளே நுழைந்ததும் தெரியும் வரவேற்பில் 'வணக்கம்' என்று போட்டேன். எழுத்துகள் கொஞ்சம் சிதறித்தான் வந்தன. இருந்தாலும் வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்காகவா ராத்திரி பூரா ஃபேன் சத்தம்?" என்றார்.

ஒரு எச்சரிக்கை. எமுலேட்டரில் ஓடியதை அப்படியே ரவுட்டரில் போட முடியாது. ரவுட்டரின் சிப்புக்கென்று தனியாகக் கட்ட வேண்டும். வைஃபை சிப்பை எமுலேட்டர் காட்டாது. 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ராம் உள்ள பழசுகளுக்கு இன்றைய பதிப்பு போதாது. லேபிளைப் படியுங்கள்!

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போனில் வழிகாட்டிய அந்த மாணவன் ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூட ரேடியோவைக் கழற்றிவிட்டான். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் அவனை அடித்து, வெளியே முட்டி போட வைத்தேன். அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏன் கழற்றினாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த மாதம் நான் கெடுத்தது எத்தனையோ. ஒருமுறைகூட அவன் குரல் உயரவில்லை. "பரவால்ல சார், எங்க நின்னுதுன்னு சொல்லுங்க" என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்டான். அந்தக் கேள்வியை நான் அன்று அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

போனிலேயே மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்றான். நான் அடித்தது எல்லார் முன்னாலும். அதனால் மன்னிப்பையும் எல்லார் முன்னாலும் கேட்கிறேன். மன்னித்துவிடு தம்பி.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கும், வீட்டில் எதையாவது கழற்றும் பிள்ளை இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று ஒரு பழைய பொருளை அவர்கள் கையில் கொடுங்கள்.

செங்கல் என் மேஜைமேல்தான் இருக்கிறது. அதை எழுப்ப ஒரு வழி இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறான். இரண்டு பேரும் சேர்ந்து கழற்றப் போகிறோம்.

வாழ்க வளமுடன்.