கேட்ட விலையும் போன விலையும்

திருப்பரங்குன்றத்தில் இருக்கும் என் தங்கை பையன், பார்த்த வேலையை விட்டுவிட்டு ஷேர் டிரேடிங் பண்ணுகிறான். தங்கையின் நகை அடகுக் கடையில். கேட்டால் ஸ்க்ரீனைக் காட்டுகிறான். ஒரு பக்கம் வாங்கக் காத்திருப்பவர்கள் ஐந்து வரி, மறுபக்கம் விற்கக் காத்திருப்பவர்கள் ஐந்து வரி. "மாமா, 240 ரூபாயில அம்பதாயிரம் ஷேர் கேட்டு நிக்கிறாங்க. இதுக்குக் கீழ இறங்கவே இறங்காது" என்கிறான். சப்போர்ட் லெவலாம்!

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிகாலையில் போயிருக்கிறீர்களா? முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த ஊர் என்பதால், முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அதற்கு முந்தின நாள் மல்லிகை கிலோ ஆயிரத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. முகூர்த்தம் முடிந்தால் சரிந்துவிடும். கமிஷன் கடைக்காரர் பார்ப்பது வந்த மூட்டை எத்தனை, போன மூட்டை எத்தனை என்பதைத்தான். விலை கேட்டுவிட்டு நகர்கிறவர்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்க்ரீனில் தெரிகிற அந்த அம்பதாயிரம், விலை கேட்கிற கூட்டம். கண் சிமிட்டுவதற்குள் ஆர்டரை கேன்சல் செய்யலாம். லண்டன் பக்கம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நவிந்தர் சராவ் என்பவர் இதையே தொழிலாகச் செய்தார். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் பெரிய பெரிய விற்பனை ஆர்டர்களை வைப்பார். மற்றவர்கள் மிரண்டு விலை இறங்கியதும் எடுத்துவிடுவார். 2010 மே 6 அன்று அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் சில நிமிடங்களில் ஆயிரம் புள்ளி அளவுக்கு விழுந்து எழுந்ததே, அதில் இவருக்கும் பங்கு உண்டு என்று வழக்கு. 2016-ல் மோசடியை ஒப்புக்கொண்டார்.

இதற்கு நேர் எதிரான வேலையும் உண்டு. நம் என்.எஸ்.இ.யிலேயே பெரிய ஆர்டரில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வெளியே காட்டலாம். ஆக, தெரிவது பொய்யாக இருக்கலாம், நிஜம் தெரியாமலும் இருக்கலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கைமாறியதை. 240-ல் விற்க விற்க, அத்தனையையும் யாரோ வாங்கிக்கொண்டே இருந்து, விலை நகராமல் நின்றால் அங்கே ஆள் இருக்கிறார். அவரும் நாளைக்கு இருப்பாரா என்பது வேறு விஷயம். மல்லிகைக்காவது எந்தத் தேதியில் முகூர்த்தம் என்று காலண்டரில் போட்டிருக்கிறது!

செபி 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் பக்கம் போன தனிநபர்களில் 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம். உங்கள் வீட்டிலும் ஒரு பையன் ஸ்க்ரீனைக் காட்டினால், லெவலைப் பற்றி விவாதம் பண்ணாதீர்கள். புரோக்கர் அனுப்புகிற வருஷக் கணக்கை எடுத்துவரச் சொல்லுங்கள். மருமகனிடம் நானும் அதைத்தான் கேட்டிருக்கிறேன்.