ஓவர்லாக் டெய்லரின் வலது கால்

திருப்பூர் காங்கயம் சாலையில் நடந்த விபத்து அது. பனியன் கம்பெனி ஒன்றில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் அடிக்கும் 28 வயது டெய்லர், வேலை முடிந்து ஸ்பிளெண்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். துணி ரோல் ஏற்றிவந்த டெம்போ அவரை முந்திப்போய், இன்டிகேட்டர் போடாமல் இடதுபக்கச் சந்துக்குள் திரும்பியது. டெய்லரின் வலது கணுக்கால் எலும்பு நொறுங்கி, பிளேட் வைக்க வேண்டியதாயிற்று.

அவருடைய வக்கீலாக மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்கீழ் மனுப் போட்டேன். டெம்போவின் இன்சூரன்ஸ் தரப்பு இரண்டு வாதங்களை வைத்தது. முதலாவது, பைக்தான் வேகமாக வந்து டெம்போவின் பின்னால் மோதியது, ஆகவே மனுதாரருக்கும் பங்களிப்புக் கவனக்குறைவு உண்டு, பாதித் தொகையைக் கழிக்க வேண்டும் என்பது.

இதற்கான பதில் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையிலேயே இருந்தது. பைக்கின் வலது புட்ரெஸ்ட் வளைந்திருந்தது, பிரேக் பெடல் மடங்கியிருந்தது, சைலன்சர் நசுங்கியிருந்தது. முன்பக்க போர்க், மட்கார்டு, ஹெட்லைட் மூன்றிலும் சேதமில்லை. பின்னால் போய் மோதிய வண்டிக்கு முதலில் அடிபடுவது முன்பக்கம்தான். குறுக்கு விசாரணையில் டெம்போ டிரைவரிடம் இதை வரிசையாகக் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

இரண்டாவது வாதம்தான் கடினம். மருத்துவச் சான்று, வலது காலுக்கு 18 சதவீத நிரந்தர ஊனம் என்றது. உடல் முழுமைக்கும் கணக்கிட்டால் அதில் மூன்றிலொரு பங்கு, 6 சதவீதம்தான் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். மாத வருமானம் 12,000 ரூபாய். 2017 பிரணய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 16,800. 2009 சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் அந்த வயதுக்குப் பெருக்கு எண் 17. ஆண்டுத் தொகையை அதால் பெருக்கினால் மொத்தம் 34,27,200 ரூபாய். அதில் 6 சதவீதம் என்றால் இரண்டு லட்சத்துச் சொச்சம்.

"மெசினை ஓட்ட ஒரு காலு, துணியை அமுக்குற புட்டைத் தூக்க ஒரு காலு வேணுமுங்க சார். அரை மணி நேரம் மிதிச்சாலே வீங்கிக்குது" என்று சாட்சிக்கூண்டில் சொன்னார் டெய்லர். கம்பெனி சூப்பர்வைசரையும் சாட்சியாக அழைத்தேன். விபத்துக்கு முந்தைய, பிந்தைய வாரங்களின் பீஸ் கணக்கு நோட்டை அவர் கொண்டுவந்தார். சனிக்கிழமைச் சம்பளம் எவ்வளவு குறைந்தது என்பது அதில் பக்கம் பக்கமாக இருந்தது.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் ஊனமும் வருமான இழப்பும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாக்கியிருக்கிறது. இடது கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகலாம். அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை தொடரலாம். ஆகவே ஊன சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது. அந்தத் தீர்ப்பையும் நோட்டையும் சேர்த்துத்தான் வாதாடினேன்.

தீர்ப்பாயம் பங்களிப்புக் கவனக்குறைவு வாதத்தை ஏற்கவில்லை. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 30 சதவீதம் என்று முடிவு செய்தது. அந்தத் தலைப்பில் மட்டும் 10,28,160 ரூபாய். வைத்தியச் செலவு, வலி வேதனைக்கான தொகை தனி.

பீஸ் ரேட்காரர்கள் பலரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. விபத்து வழக்கோடு வருகிறவர்களிடம் எக்ஸ்ரேயோடு பீஸ் நோட்டையும் எடுத்துவரச் சொல்கிறேன். எந்த மெசின், எந்தக் கால் என்பதையும் முதல் நாளே கேட்டு மனுவில் எழுதிவிடுகிறேன்.