வெள்ளாயி எதில் வருவாள்?

ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். கடந்தகாலம் சார்ந்த எதுவும் ஹிஸ்டாரிகல். வரலாற்றில் முக்கியம் என்று கருதப்படுவது மட்டும் ஹிஸ்டாரிக் என்றேன். திருச்சியில் பாடம் நடத்துகிறவளுக்கு உதாரணத்துக்கா பஞ்சம்? பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்ற ஸ்ரீரங்கம் ராயகோபுரம் 1987இல் 13 நிலைகளோடு 236 அடிக்கு எழுந்தது. அது ஹிஸ்டாரிக். அங்கே மண் சுமந்த சித்தாள்களின் கூலிக் கணக்கு கிடைத்தால் அது ஹிஸ்டாரிகல்.

"அப்ப வெள்ளாயி எதுல வருவாங்க, மேம்?" அவள் ஸ்ரீரங்கத்துப் பெண்.

14ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தில் புகுந்தபோது, கோயிலில் ஆடிய வெள்ளாயி படைத்தலைவனைக் கிழக்குக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள் என்பது ஊர் சொல்லும் கதை. அவள் பெயரால்தான் அது வெள்ளைக் கோபுரமாம்.

"அது கதைம்மா, ரெண்டுலயும் வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன்.

சொன்னது உறுத்தியது. அந்த வாரம் கோயிலுக்குப் போனபோது பூ விற்ற அம்மாவிடம், ஏன் வெள்ளைக் கோபுரம் என்று கேட்டேன். "வெள்ளை அடிச்சிருக்காங்கல்ல, அதான்." ஒரு பெண்ணின் பெயர் நிறமாகிப் போயிருக்கிறது.

கதை மட்டும் இருந்து ஆவணம் இல்லாதவள் வெள்ளாயி. ஆவணம் இருந்தும் கதை இல்லாதவர்கள் தஞ்சாவூரில் இருக்கிறார்கள். ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், வந்த ஊர், குடியிருந்த வீடு, நெல் பங்கு எல்லாம் கல்வெட்டில் உள்ளன. ஹிஸ்டாரிகல் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோயிலைப் பற்றிப் பேசும்போது ஹிஸ்டாரிக் என்ற சொல் ராஜராஜனோடு நின்றுவிடுகிறது. ஒருத்தியின் பெயரைக்கூட நான் மனப்பாடமாகச் சொல்ல முடியாது. இத்தனைக்கும் அந்தக் கோயிலுக்குப் பத்து முறையாவது போயிருப்பேன். எது முக்கியம் என்று கருதியவர்கள் யார் என்பதை என் விளக்கத்தில் நான் சொல்லவே இல்லை. 'கருதப்படுவது' என்று செயப்பாட்டுவினையில் நழுவிவிட்டேன்.

அடுத்த வகுப்பில் என் பதில் அவசரப் பதில் என்று ஒப்புக்கொண்டு, அந்த 400 பேரைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தப் பேரெல்லாம் எங்க கிடைக்கும், மேம்?"

தென்னிந்தியக் கல்வெட்டுகள், இரண்டாம் தொகுதி என்று கரும்பலகையில் எழுதினேன்.