தோழனுக்கு ஒரு முகம்

உளவுத் திரைப்படத் தொடரில் மீண்டும் மீண்டும் வரும் தோழன் பாத்திரம், திரையில் சில நிமிடங்களே தோன்றினாலும், நாயகனுக்கு அந்தப் படத்துக்கு அப்பாலும் ஒரு வாழ்க்கை உண்டு என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. வில்லனும் காதலியும் பெரும்பாலும் படத்தோடு முடிந்துபோக, தோழன் பழைய பழக்கத்தைச் சுமந்துகொண்டு அடுத்த படத்துக்குள் நுழைகிறான் என்பதால், அவனுக்கான நடிகர் தேர்வு, அதாவது எழுத்தில் இருக்கும் ஒருவனுக்கு உடலும் குரலும் வயதும் தேடித் தரும் பணி, ஒரு படத்தின் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஜேம்ஸ் பாண்ட் படங்களில் அமெரிக்காவின் சிஐஏ உளவாளியாக வரும் ஃபீலிக்ஸ் லைட்டர் பாத்திரத்தின் வரலாறு, இப்பணியின் நுட்பத்தையும் அதில் நேரும் இழப்பையும் ஒருங்கே காட்டுகிறது.

இயன் ஃபிளெமிங் 1953இல் வெளியிட்ட ‘கேசினோ ராயல்’ நாவலிலேயே அறிமுகமான லைட்டர், 1962இல் ‘டாக்டர் நோ’ படத்தில் ஜாக் லார்டின் உருவில் வந்தார். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பாண்டைச் சந்திக்கும் அந்த லைட்டர், பாண்டாக நடித்த ஷான் கானரிக்குச் சற்றும் குறையாத மிடுக்குடையவர்; அம்மிடுக்கே தேர்வின் பலமாகவும் பின்னர் சிக்கலாகவும் ஆயிற்று. மீண்டும் அழைக்கப்பட்டபோது லார்ட் கூடுதல் ஊதியமும், பெரிய வேடமும், டைட்டிலில் நாயகனுக்கு இணையான இடமும் கேட்டதாகத் திரைக்கதையாசிரியர் ரிச்சர்ட் மைபாம் கூறியிருக்கிறார். டைட்டிலில் பெயர் வரும் வரிசை நடிகரின் சந்தை மதிப்பைக் குறிப்பது. ஆகவே தோழனுக்கு ஆள் தேடுபவர், நாயகனின் அருகில் நின்றால் மங்கிப்போகாத ஆற்றலையும், இரண்டாம் இடத்தில் பல ஆண்டுகள் மனநிறைவோடு இருக்கும் இசைவையும் ஒரே ஆளிடம் காண வேண்டியிருக்கிறது.

1964இல் ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் லைட்டராக நடிக்கவிருந்தவர் ஆஸ்டின் வில்லிஸ். சீட்டாட்டத்தில் ஏமாற்றப்படும் சிம்மன்ஸ் வேடம் செக் லிண்டருக்கு ஒதுக்கப்பட்டிருக்க, கடைசி நேரத்தில் இருவரும் வேடம் மாற்றிக்கொண்டனர். லார்ட் பிறந்தது 1920இன் இறுதியில், லிண்டர் பிறந்தது 1921இன் தொடக்கத்தில். ஆயினும் திரையில் லிண்டர் பல ஆண்டுகள் மூத்தவராகத் தெரிகிறார். பிறப்புச் சான்றிதழ் சொல்லும் வயது வேறு, உடல்வாகும் நடையும் பேச்சும் சேர்ந்து பார்வையாளர் மனத்தில் எழுப்பும் ‘திரை வயது’ வேறு என்பதை இத்தொழிலில் பழகியவர்கள் அறிவர். லார்டின் லைட்டர் பாண்டோடு சேர்ந்து சுவரேறிக் குதிக்கக்கூடிய கூட்டாளியாகத் தோன்றினார் என்றால், லிண்டரின் லைட்டர் அவரைப் பற்றிக் கவலைப்படும் மூத்த அதிகாரியாகத் தோன்றினார். முகம் மாறியதும் நட்பின் தன்மையே மாறிவிட்டது.

பின்னர் ரிக் வான் நட்டர், நார்மன் பர்ட்டன், டேவிட் ஹெடிசன், ஜான் டெர்ரி என முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன; 1962 முதல் 1989 வரை, இத்தொடரைத் தயாரித்த ஈயான் நிறுவனத்தின் 7 படங்களில் 6 பேர் லைட்டராயினர். அதே காலத்தில் உளவுத்துறைத் தலைவர் எம் வேடத்தில் பெர்னார்ட் லீ 11 படங்களிலும், செயலர் மணிபென்னியாக லோயிஸ் மேக்ஸ்வெல் 14 படங்களிலும் நிலைத்திருந்தனர். அலுவலகப் பாத்திரங்களின் காட்சிகள் பெரும்பாலும் ஸ்டூடியோ அரங்குக்குள் முடிபவை. அவற்றுக்குச் சில நாள் கால்ஷீட், அதாவது நடிகர் படப்பிடிப்புக்கு ஒதுக்கித் தரும் நாள், போதும். களத்தில் உடன்வரும் தோழனுக்கோ நாயகன் செல்லும் ஊர்கள் யாவும் பணியிடம் என்பதால், அவனை நிலைநிறுத்த வேண்டுமானால் அடுத்த கதை எழுதப்படும் முன்பே அவன் நாள்களைக் காத்து வைக்க வேண்டும்.

இம்மாற்றத்தால் ஒரேயடியாகத் தீங்கே விளைந்தது என்று சொல்வதற்கில்லை. 1965இன் ‘தண்டர்பால்’ படத்தில் விடுதி அறைக்குள் நுழையும் வான் நட்டரைப் பார்வையாளர் அதுவரை லைட்டராகக் கண்டதில்லை. அவர் வாயெடுத்துப் பாண்டின் ரகசிய எண்ணைச் சொல்லி முடிக்குமுன் பாண்ட் அவர் வயிற்றில் குத்திவிட, குத்துப்பட்டவர் நண்பர் என்பது பிறகே புலனாகிறது. புதிய முகம் தரும் ஐயம் அக்காட்சிக்கு உதவுகிறது. எனினும் ஒவ்வொரு முறையும் நட்பை முதலிலிருந்து அறிமுகப்படுத்த வேண்டியிருந்ததால், அந்த நட்பின் மேல் பெரிய பாரம் எதையும் ஏற்ற இயலாமற்போனது.

அந்தப் பாரத்தை ஏற்றும் தேவை 1989இன் ‘லைசென்ஸ் டு கில்’ படத்தில் எழுந்தது. மணநாளன்றே லைட்டரின் மனைவி கொல்லப்படுகிறார். லைட்டரோ சுறாவுக்கு இரையாக்கப்பட்டுக் குற்றுயிராக மீட்கப்படுகிறார். அதற்குப் பழிவாங்கவே பாண்ட் பணியைத் துறக்கிறார். இரண்டாண்டுகளுக்கு முன் நடித்த ஜான் டெர்ரி, நாயகன் டிமோதி டால்ட்டனுக்கு வயதில் நெருங்கியவர். இருந்தும் 1973இன் ‘லிவ் அண்ட் லெட் டை’ படத்தில் நடித்திருந்த, டால்ட்டனைவிட ஏறத்தாழ 19 வயது மூத்த ஹெடிசனே மீண்டும் அழைக்கப்பட்டார். வயதுப் பொருத்தத்தை விட்டுக்கொடுத்து நினைவுப் பொருத்தத்தைத் தேர்ந்த முடிவு அது. ஆனால் 16 ஆண்டு இடைவெளியைக் கடந்து வந்த நினைவு, பழைய படங்களை நன்கறிந்தவர்களிடம் மட்டுமே முழுமையாகச் சென்றடையக்கூடியது.

2006இன் ‘கேசினோ ராயல்’ படத்தில் ஜெஃப்ரி ரைட் லைட்டரானார். தனித் தயாரிப்பான ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ படத்தில் 1983இலேயே பெர்னி கேசி நடித்திருந்ததால், கறுப்பின நடிகர் ஒருவர் இவ்வேடம் ஏற்பது இது முதன்முறையன்று. பாண்டோடு அதே சீட்டாட்ட மேசையில் அமைதியாக அமர்ந்திருந்து, அவர் பணமிழந்து நிற்கும் வேளையில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு உதவும் லைட்டருக்கு, பேசும் திறனைவிடப் பேசாமல் கவனிக்கும் திறன் இன்றியமையாதது. ரைட்டிடம் அது நிறைவாக இருந்தது. 2008இல் அவரே தொடர்ந்ததால், அடுத்தடுத்த இரு பாண்ட் படங்களில் லைட்டராக நடித்த முதல் நடிகரானார்.

2021இன் ‘நோ டைம் டு டை’ படத்தில், ஓய்வுபெற்று ஜமைக்காவில் வாழும் பாண்டைத் தேடி ரைட்டின் லைட்டர் வருகிறார். பிறகு மூழ்கும் கப்பலில் பாண்டின் கைகளிலேயே உயிர்விடுகிறார். மூன்றே படங்களில், அவற்றிலும் மிகச் சில காட்சிகளிலேயே தோன்றியவர் எனினும், அந்த நட்பின் ஆழத்தை விளக்க அங்கே வசனம் தேவைப்படவில்லை. 2006இல் சில நாள் படப்பிடிப்புக்கெனத் தேர்ந்த முகம் 15 ஆண்டுகளுக்குப் பின் ஒரு மரணத்தைத் தாங்கியிருக்கிறது. தோழனுக்கு நடிகர் தேடுபவர், இன்று எழுதப்படாத அந்தக் காட்சிக்கும் சேர்த்தே ஆளைத் தேர்கிறார்.