கட்டி தட்டிப்போன ப்ராஜெக்ட்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னா சீனியரோட பழைய ரிப்போர்ட்டை வாங்கி, அட்டையை மட்டும் மாத்தறதுதானேன்னு சிரிக்கிறீங்களா? கொஞ்சம் கிட்டே வாங்க. உங்ககிட்டதான் பேசணும்.

நான் பாலிமர் படிச்சவன். எபாக்ஸி பிசினில் நுண்ணிய சிலிக்கா பவுடரைக் கலந்து அதை இன்னும் உறுதியாக்குவதுதான் எங்கள் ப்ராஜெக்ட். 'பவுடரை முதல்ல சிலேன்ல ட்ரீட் பண்ணுங்க'ன்னு கைடு சொல்லியிருந்தார். சும்மா கலக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்னு நானும் ரூம்மேட்டும் அந்த ஸ்டெப்பையே தாண்டிட்டோம்.

டெஸ்ட்டிங் மெஷினில் மாட்டினால்... வெறும் எபாக்ஸியை விட, சிலிக்கா போட்டது சீக்கிரமே 'டொக்'! உடைந்த இடத்தை லென்ஸில் பார்த்தால், கூழில் மாவு கட்டி தட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா திட்டுகள்.

ரிவ்யூவுக்கு பத்தே நாள். "மச்சான், கிராஃபைக் கொஞ்சம் மேலே தூக்கி விட்டுடலாம்டா. யாரு உடைச்சுப் பார்க்கப் போறாங்க?"ன்னான் ரூம்மேட். உண்மையைச் சொல்றேன்... எக்செல்லில் ரெண்டு நம்பரை மாத்தியும் விட்டேன். ராத்திரி தூக்கம் வரலை. காலையில் பழைய நம்பரையே திரும்பப் போட்டு, உடைந்த துண்டுகளோடு கைடு முன்னாடி போய் நின்றேன்.

திட்டுவார்னு பார்த்தால், பேப்பரை எடுத்துப் படம் போட ஆரம்பிச்சுட்டார். சிலிக்காவின் மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்ஸில் குரூப்கள். அதனால் துகள்கள் ஒன்றோடு ஒன்று கைகோத்து கும்பலாகவே நிற்கும், பிசினோடு ஒட்டாது. சிலேனுக்கு ரெண்டு பக்கமும் கை உண்டு. நாங்க எடுக்க வேண்டியது அமினோ சிலேன். ஒரு முனையில் இருக்கிற எத்தாக்ஸி குரூப்கள் தண்ணீர் பட்டதும் மாறி, சிலிக்காவோடு பிணையும். மறுமுனையில் இருக்கிற அமீன், எபாக்ஸியோடு சேரும். 1990களில் மிச்செலின் கொண்டு வந்த சிலிக்கா டயருக்குக் கைகொடுத்ததும் இதே வித்தைதான். அங்கே சிலேனில் இருக்கிற கந்தகம் ரப்பரைப் பிடிக்கும். டயர் உருளும்போது வீணாகும் சக்தி குறையும், எரிபொருளும் மிச்சம்!

அப்புறமென்ன, ராத்திரி பகலா லேப்தான். எத்தனாலில் கொஞ்சம் தண்ணீர், அதில் சிலேன், அப்புறம் சிலிக்கா. கலக்கி, வடிகட்டி, கழுவி, 110 டிகிரி ஓவனில் காய வெச்சோம். திட்டுகள் முழுசா மறையலை. ஆனால் இந்தத் தடவை உறுதி, வெறும் எபாக்ஸியைத் தாண்டிடுச்சு!

வைவாவில் எக்ஸ்டெர்னல், நல்ல கிராஃபை ஒரு பார்வை பார்த்துட்டு புரட்டிட்டார். "முதல் தடவை ஏன் உடைஞ்சது?" இதுதான் கேள்வி. பத்து நிமிஷம் மூச்சு விடாம பேசினேன். அந்த நம்பரை மாத்தியிருந்தால், பேச என்கிட்ட எதுவுமே இருந்திருக்காது.

உங்க லேப்லயும் ஒருநாள் நம்பர் தப்பா வரும் ப்ரெண்ட்ஸ். அவசரப்பட்டு அழிச்சுடாதீங்க. ஏன்னு மட்டும் அதுகிட்ட கேட்டுப் பாருங்க. ஆல் த பெஸ்ட்!