ஊர் திரும்பிய வானவில்

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சாலிஸ்பரி. ஊரின் அடையாளம் தேவாலயக் கோபுரம். உயரம் 123 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயரமான தேவாலயக் கோபுரம் கிடையாது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் ஹார்னம் புல்வெளிப் பக்கம் நடக்கலாம். வாய்க்கால்கள், மேயும் ஆடுகள், மரங்களுக்கு மேலே ஊசியாய்க் கோபுரம்.

ஜான் கான்ஸ்டபிள் 1831-ல் தீட்டியது இந்தப் பக்கத்துக் காட்சியைத்தான். மாவு ஆலைக்காரரின் மகனான அவர், 1828-ல் மனைவி மரியாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்து ஒடிந்துபோயிருந்தார். பெரிய படம் ஒன்றில் இறங்கு என்று தூண்டியவர் நண்பரான பாதிரியார் ஜான் ஃபிஷர். ஆறடி அகலத் திரையில் கறுத்த மேகம், மின்னல் கீற்று, தண்ணீரில் இறங்கும் குதிரை வண்டி. எல்லாவற்றையும் வளைத்து ஒரு வானவில். அதன் நுனி இறங்குவது ஃபிஷரின் வீடு இருந்த இடத்தில். 1832-ல் ஃபிஷர் இறந்தார். வானவில் அதற்குப் பிறகே சேர்க்கப்பட்டது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. 1837-ல் கான்ஸ்டபிள் இறக்கும்வரை படம் விலைபோகவில்லை.

பின்னாளில் தனியார் சொத்தாகி, லண்டன் நேஷனல் கேலரியில் நெடுங்காலம் இரவலாகத் தொங்கியது. உரிமையாளர்கள் விற்க முன்வந்தபோது, இன்னொரு தனியார் மாளிகைக்குள் போய் மறையும் அபாயம் இருந்தது. 2013-ல் டேட் அருங்காட்சியகம் அதை 2.31 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதில் 1.58 கோடி, லாட்டரி வருமானத்திலிருந்து வந்த நிதி. அதாவது சீட்டு வாங்கிய சாமானியர்களின் காசு.

ஒரு படத்துக்கா இவ்வளவு? நியாயமான கேள்விதான். ஆனால் டேட் படத்தைப் பூட்டி வைக்கவில்லை. கார்டிஃப், இப்ஸ்விச், சாலிஸ்பரி, எடின்பரோ என்று பிற ஊர் அருங்காட்சியகங்களுடன் கூட்டுச் சேர்ந்து சுற்றுக்கு அனுப்பியது. 2016-ல் படம் சாலிஸ்பரிக்கு வந்தது. தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது அந்த ஊர் அருங்காட்சியகம். படத்தில் பார்த்த கோபுரத்தை வாசலுக்கு வந்து நிஜத்தில் பார்க்கலாம். சீட்டு வாங்கியவருக்கு லாட்டரி விழாவிட்டாலும் இது கிடைத்தது.

படம் டேட்டின் சொத்து. புல்வெளி இன்னும் அங்கேயே இருக்கிறது. ஓரமாகச் செல்லும் பாதையில் யாரும் நடக்கலாம், கட்டணம் இல்லை. மழை விட்ட மாலை நேரம் நல்லது. வானவில்லுக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது.