அப்பா பார்க்காமலே பார்த்த பேட்டரி

காலை 5 மணி. அப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்காகத் தருமபுரிக்குக் கிளம்பினோம். பயத்தில் இரண்டு முறை தள்ளிப்போட்டவர் அவர். மொரப்பூர் வீட்டு வாசலில் கார் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட்டும் மங்கியது. 'இன்னொரு நாள் போலாம்' என்று சொல்லிவிடுவாரோ என நினைத்தேன்.

"பானெட்டைத் தொற கண்ணு. பேட்டரி முனையில பூத்திருக்கா?"

முப்பது வருஷம் டிராக்டரோடு பழகியவர். வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை.

"மைனஸை மொதல்ல கழட்டு. பிளஸ்ஸை மொதல்ல கழட்டுறப்ப ஸ்பேனர் பாடியில பட்டா பொறி பறக்கும்."

அம்மா வெந்நீரில் ஆப்பசோடா கலந்து தந்தார். பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தேன். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கிளாம்ப் ஆடாமல் முடுக்கினேன். ஒரே திருப்பில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

வழியில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "வெளிச்சம் மங்கினா பேட்டரி செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல." கொஞ்சம் கழித்து, "கண்ணும் அப்படித்தானே?"

"ஆமாப்பா."

மறுநாள் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது: "பானெட்டைத் தொற. நீ முடுக்குனது சரியான்னு பார்க்கணும்."